ஆறு சுற்றும் ஒரு சிலிண்டரும்

எங்கள் ஊருக்கு விமானம் தினமும் இரண்டு தடவை வரும். பத்து நாற்பத்தொன்றுக்கு வானத்துக்கு வரும். பதினொன்று இருபத்தைந்துக்குத் தரைக்கு வரும். ஒரே விமானம்தான். நடுவில் இருக்கிற நாற்பத்து நான்கு நிமிஷமும் ஊருக்கு மேலே ஆறு சுற்றுச் சுற்றும்.

ஊருக்கு இது பழகிப்போய்விட்டது. முதல் சுற்றில் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிப்பார்கள். இரண்டாவது சுற்றில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைவார். மூன்றாவது சுற்றில் அடுப்பைப் பற்றவைத்தால் மதியச் சாப்பாடு சரியாக இருக்கும் என்பது என் மனைவியின் கணக்கு. "நாலாம் சுத்துக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. ஏன் சுற்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை. பறவை சுற்றுகிறது, பருந்து சுற்றுகிறது, விமானமும் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

நானும் கேட்டதில்லை. நான் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். ஆறடிக்கு எட்டடி அறை, எதிரே கம்பி ஜன்னல், மேஜைமேல் ஒரு மைக், ஒரு ரிஜிஸ்தர், தலைக்கு மேலே ஒரு கடிகாரம். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் உலகம். சீக்கிரம் வருகிற பஸ்ஸைப் பெட்ரோல் பங்க் பக்கம் நிறுத்திவைக்கச் சொல்வேன். தாமதமாக வருகிற பஸ்ஸை அட்டவணைப்படி வந்ததாக எழுதிக்கொள்வேன். மேலிடத்துக்குப் போகிற ரிஜிஸ்தரில் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பஸ்கூட ஒரு நிமிஷம் பிசகியதில்லை. ஆக, நானும் யோக்கியன் இல்லை. பஸ் நிலையத்தில் நான் செய்வதை வானத்தில் இன்னொருவன் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். என் அக்காவுக்கு மூச்சு முட்டும் வரைக்கும்.

அக்கா மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், இந்த இரண்டும் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் இல்லை. அந்த ஊரில் அவள் விரட்டி ஓடவைக்காத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு நுரையீரல் பழுது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆக்சிஜன் குழாய் மூக்கில் இல்லாமல் இருக்க முடியாது. அவளுக்கு வேண்டிய சிகிச்சை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

ரோடு வழி வரலாம் என்றால், மலைப்பாதையின் உச்சிக்குப் போனாலே காற்று போதாமல் உயிர் போய்விடும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மிச்சம் விமானம். சின்ன விமானம், பத்தொன்பது ஸீட். ஒரு நோயாளிக்கு ஒரு சிலிண்டர்தான் அனுமதி. அந்தச் சின்ன சிலிண்டர் சரியாக அறுபது நிமிஷம் வரும்.

அக்கா போனில் கூப்பிட்டாள்.

"டேய், இங்க ப்ளேன் பத்து மணிக்குக் கிளம்புது. உன் தலைக்கு மேல எப்ப வரும்?"

"பத்து நாப்பத்தொண்ணு."

"அடிச்சுச் சொல்லு. டைம்கீப்பர்தானே நீ?"

"தினமும் பாக்கறேன்க்கா. நாப்பத்தொண்ணு."

"அப்ப ஏற பத்து நிமிஷம், பறக்க நாப்பத்தொண்ணு, இறங்க அஞ்சு. அம்பத்தாறு. நாலு நிமிஷம் மிச்சம்டா!" மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். "நாலு நிமிஷத்துல நான் ரிலே ரேஸே நடத்தி மெடல் குடுத்திருக்கேன்."

சுற்று விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அதைச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறு சுற்றை நிறுத்த எவ்வளவு நேரமாகிவிடும்?

முதலில் விமான கம்பெனியின் டிக்கெட் கவுண்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு முகம் வாடினாள்.

"சார், இது எண்பத்தஞ்சு நிமிஷ ஃப்ளைட். சிலிண்டர் அறுபது நிமிஷம். நான் டிக்கெட் போட முடியாது."

"அம்மா, பறக்கறது நாப்பத்தொரு நிமிஷம். மீதி சும்மா சுத்துது."

"சுத்தறதும் பறக்கறதுதானே சார்?"

இன்னொரு சிலிண்டர் கொண்டுவரலாமா என்று கேட்டேன்.

"ஒரு நோயாளிக்கு ஒண்ணுதான். கூட யாராவது வராங்களா?"

"எங்க மாமா வரார். அக்கா வீட்டுக்காரர்."

"அவருக்கு ஏதாவது நோய் இருக்கா?"

"கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்லே."

"அடடா," என்றாள் உண்மையான வருத்தத்தோடு. "இருந்திருந்தா அவர் பேர்ல ஒண்ணு கொண்டுவரலாம்."

மாமாவுக்குச் செய்தி சொன்னேன். அவர் பள்ளிக்கூட நூலகர், பொய்யே சொல்லத் தெரியாதவர். அந்த மனிதர் மூன்று நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் இருமி, கடைசியில் லேசான ஆஸ்துமா இருக்கலாம் என்று ஒரு காகிதம் வாங்கிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு நான் மறுபடி கவுண்டருக்கு ஓடினேன். அந்தப் பெண் விதிப்புத்தகத்தைப் புரட்டி, விரலை ஓரிடத்தில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே விமானத்தில் இரண்டு நோயாளிகள் இருந்தால் அது பயணிகள் விமானம் அல்லவாம், ஆம்புலன்ஸாம். ஆம்புலன்ஸ் விமானம் எங்கள் நிலையத்தில் இறங்க அனுமதி இல்லையாம்.

"நேரத்தைக் குறைச்சு எழுதி வாங்கிட்டு வாங்க சார். வாரியத்துல கேளுங்க."

வாரியம் என்பது வான்வழித் தூர, நேர நிர்ணய வாரியம். விமான நிலையத்தை விட அதன் கட்டடம் பெரியது. நிலையத்துக்கு ஒரு மாடி, வாரியத்துக்கு மூன்று மாடி. இத்தனைக்கும் அவர்கள் நிர்ணயிக்க வேண்டியது இரண்டே இரண்டு விஷயம்: அந்த ஊர் எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம். தூரத்துக்கு ஒரு அதிகாரி, நேரத்துக்கு ஒரு அதிகாரி. இருவர் அறையும் எதிரெதிரே. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நேர அதிகாரி என்னை உட்காரச் சொல்லி, மனுவைப் படித்து, அன்பாகவே பேசினார்.

"நேரத்தை நாங்களா வெச்சுக்கறதில்லை தம்பி. எதிர் ரூம்லேர்ந்து தூரம் வரும். நானூத்து இருபத்தஞ்சு கிலோமீட்டர். விமானத்தோட வேகத்தால வகுத்தா எண்பத்தஞ்சு நிமிஷம். கணக்கு கரெக்டா?"

கணக்கு கரெக்ட்தான். எதிர் அறைக்குப் போனேன். சுவரில் பெரிய வரைபடம். நான் கையோடு கொண்டுபோயிருந்த ஸ்கேலை அதன்மேல் வைத்து அளந்தேன். இருநூற்றைந்து கிலோமீட்டர்.

"ஸ்கேலை எடுங்க," என்றார் தூர அதிகாரி. "அது வரைபடத்துல இருக்கிற தூரம். எங்க தூரம் வேற."

"உங்க தூரம் எப்படிங்க வந்துச்சு?"

"எதிர் ரூம்லேர்ந்து நேரம் வரும். எண்பத்தஞ்சு நிமிஷம். வேகத்தால பெருக்கினா நானூத்து இருபத்தஞ்சு. கணக்கு கரெக்டா?"

இரண்டு கதவுக்கும் நடுவில் நடைபாதையில் நின்றேன். வானத்தில் விமானம் ஏன் சுற்றுகிறது என்பது எனக்கு அங்கேதான் புரிய ஆரம்பித்தது.

நான் கிளம்பும்போது தூர அதிகாரி ஒரு உண்மையையும் சொல்லி அனுப்பினார். அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும். "நானூறு கிலோமீட்டருக்கு மேல இருந்தாத்தான் இது தொலைதூர நிலையம். தொலைதூர நிலையத்துல வேலை செய்யறவங்களுக்கு வருஷத்துக்கு இருபது நாள் லீவு அதிகம். நூத்தி நாப்பது குடும்பம் தம்பி. உங்க அக்கா ஒருத்தங்களுக்காக நூத்தி நாப்பது குடும்பத்தை நான் கிட்டக் கொண்டுவர முடியுமா?"

முதல் எண்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று பழைய காகித அறையை நிர்வகிக்கிற அம்மா சொன்னார். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிய, யாருக்கும் பயப்படாத அம்மா. ஒரு ஃபைலைத் தட்டி, தூசிக்குத் தும்மிவிட்டு, முதல் பக்கத்தைக் காட்டினார். விமான சேவையின் திறப்பு விழா நாள். விமானம் நாற்பத்தொரு நிமிஷத்தில் வந்துவிட்டது. வரவேற்கிற சிவப்புக் கம்பளம் நேரத்துக்கு வரவில்லை. பிறகு வந்த கம்பளமும் நீளம் போதவில்லை. இன்னொன்றைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டுத் தைத்து முடிக்கிற வரைக்கும் விமானத்தை மேலேயே சுற்றச் சொன்னார்கள். ஆறு சுற்று.

"அன்னிக்கு ஆன நேரத்தை அப்படியே எழுதிட்டாங்க. அப்புறம் அதுவே சட்டமாயிடுச்சு," என்றார் அம்மா. "ஒரு பைலட் நேரா வந்து இறங்கிப் பாத்தார். முன்வருகைக் குற்றம்னு பேர் வெச்சு விசாரிச்சாங்க. இப்ப அவர் பெட்டி தள்ற வண்டியை எண்ணிக்கிட்டிருக்கார்."

"ஓடுபாதை காலியாத்தானேம்மா இருக்கு?"

"எங்க காலி? பத்தரைலேர்ந்து பதினொண்ணு இருபது வரைக்கும் புல்வெட்டற டிராக்டர் ஓடுபாதைக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் போகும். அந்த நேரத்துலதான் விமானம் வராதே!"

அக்காவிடம் சுற்று விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. குழாயில் காற்று சீறுகிற சத்தம் போனில் கேட்டது.

"ஓடி முடிச்சவனை மறுபடி மைதானம் சுத்தச் சொல்றாங்களா?" என்றாள். "நான்கூட அப்படிச் செஞ்சதில்லையேடா. தப்பு பண்ணினவனைத்தான் சுத்த விடுவேன்."

டாக்டர் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது என்று மாமாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாரத்தில் பதினோரு நாள் என்னை வாரியம் பந்தாடியது. பன்னிரண்டாம் நாள் வாரியத் தலைவரே கூட்டம் போட்டார். நீள மேஜை, இருபது நாற்காலி, எனக்கு ஓரமாக ஒரு ஸ்டூல். தலைவர் நல்ல உயரம், நல்ல குரல். அவர் பேசியதை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"நண்பர்களே, மனிதாபிமானம் இந்த வாரியத்துக்குப் புதுசு இல்லை. போன வருஷமே அதுக்கு ஒரு ஃபைல் திறந்தோம். இன்னிக்கு அதுல போட ஒரு காகிதம் கிடைச்சிருக்கு. ஒரு உயிர் நாப்பத்தொரு நிமிஷத்துல வரணும்னு துடிக்குது. வாரியம் எண்பத்தஞ்சு நிமிஷத்துல உறுதியா நிக்குது. நடுவுல இருக்கிற நாப்பத்து நாலு நிமிஷத்துக்குத்தான் நண்பர்களே, நிர்வாகம்னு பேரு. அது இல்லேன்னா இந்தக் கட்டடம் எதுக்கு? நான் எதுக்கு? இருந்தாலும், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விமானத்துக்கு, சீக்கிரம் வந்துசேர அனுமதி கொடுக்கறதா முடிவு பண்ணியிருக்கேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆணையை விமான நிலையத்துல விழா வெச்சுக் கொடுப்போம். பயனாளி நேர்ல வாங்கிக்கணும். வாங்கின பிறகுதான் செல்லும்."

"ஐயா, அக்கா இறங்கினாத்தானே வாங்க முடியும்?"

"ஆமா."

"வாங்கினாத்தானே இறங்க முடியும்?"

"அதுக்குத்தான் விழாவை ஓடுபாதைக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கோம்," என்றார் தலைவர்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் அக்காவுக்குப் பதிலாக ரத்த சம்பந்தமுள்ள தம்பி வாங்கிக்கொள்ளலாம் என்று திருத்தம் வந்தது. தலைவர் பத்தரை மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார். பத்து முப்பத்தைந்துக்கு ஆணை என் கையில் இருக்கும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கிற அதிகாரி அதைப் பார்த்துவிட்டு விமானியை இறங்கச் சொல்வார். சிறப்பு அனுமதி என்று கவுண்டர் பெண் டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அன்று ராத்திரி வீட்டில் நான் இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிட்டேன்.

அந்த நாள் காலை அக்கா விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் போனில் பேசினாள். "ஸ்டாப்வாட்ச் கையில இருக்குடா. கிளம்பறப்ப அமுக்குவேன். உன் பஸ் ஸ்டாண்டு கண்ணுல பட்டதும் நிறுத்துவேன். என் வாட்ச் பொய் சொல்லாது. அதை வெச்சு உன் வாரியத்து மூஞ்சில காட்டு."

பத்தரை ஆயிற்று. நிழல் துணி கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். மைக் இருந்தது. பூங்கொத்து இருந்தது. கம்பளம்கூட, நீளம் சரியாக, விரித்திருந்தது. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸும், புதிய சிலிண்டரோடு ஒரு பெண் டாக்டரும் வேலி ஓரத்தில் நின்றார்கள். தலைவரைக் காணோம். ஓடுபாதையில் டிராக்டர் புல் வெட்டிக்கொண்டிருந்தது.

பத்து நாற்பத்தொன்றுக்கு, நொடி பிசகாமல், விமானம் மலைக்கு மேலே தெரிந்து, ஊருக்கு மேலே வந்தது.

கோபுரத்தின் படிகளை நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அங்கே அதிகாரி வாக்கிடாக்கியும் கையுமாக, அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வந்துடுச்சு சார்! இறங்கச் சொல்லுங்க!"

"எது வந்துடுச்சு?"

"விமானம். அதோ!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். "இப்ப மணி பத்து நாப்பத்து மூணு. விமானம் இன்னும் இருநூத்திப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"சார், கண்ணைத் திறந்து பாருங்க, தலைக்கு மேல!"

"நீங்க பாக்கறது என்னன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அது இன்னும் வரலே. ஆணை வந்தா வந்துடும்."

தலைவர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கிளம்பிவிட்டார் என்றார்கள். முதல் சுற்று முடிந்தது. பள்ளிக்கூட மணி காதில் விழுந்தது. கீழே ஓடி, வேலியைத் தாண்டி, டிராக்டர் முன்னால் போய் நின்றேன். ஓட்டுநர் வயதான ஆள். நான் வாயைத் திறப்பதற்குள் மேலே ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "எனக்கும் கண்ணு இருக்குய்யா," என்று சொல்லிவிட்டு டிராக்டரைத் திருப்பி ஓடுபாதையை விட்டு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். அதற்காக அவருக்கு இப்போது மெமோ.

இரண்டாவது சுற்று. மறுபடி கோபுரம்.

"ஓடுபாதை காலி சார்! டிராக்டரை எடுத்தாச்சு!"

"பாதை காலியா இருந்தாப் போதாதுங்க. நேரமும் காலியா இருக்கணும்."

வாக்கிடாக்கியில் விமானியின் குரல் கேட்டது. இறங்கட்டுமா என்று கேட்டார். காத்திருக்கவும் என்று அதிகாரி சொன்னார். மறுபடி கேட்டார். சிலிண்டர் முடிந்துவிட்டது என்றார் விமானி. காத்திருக்கவும். நான் அதிகாரியின் காலைப் பிடித்தேன். அவர் பதறிப்போய், "ஐயோ, எழுந்திருங்க, எனக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்க," என்றார். சொல்லிவிட்டு மறுபடி வாக்கிடாக்கியில், காத்திருக்கவும் என்றார். மூன்றாவது சுற்று. என் வீட்டில் இந்நேரம் அடுப்புப் பற்றவைத்திருப்பார்கள். நாலாவது சுற்று.

ஐந்தாவது சுற்றில் விமானி யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து இறங்கினார். பதினொன்று பதினேழு.

நாங்கள் ஓடினோம். ஆம்புலன்ஸ் ஓடியது. ஆனால் படி வண்டி வரவில்லை. வராத விமானத்துக்கு எப்படிப் படி போடுவது என்று படி வண்டிக்காரருக்குக் கோபுரத்திலிருந்து உத்தரவு. எட்டு நிமிஷம் நான் அந்த விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டு கதவைப் பார்த்துக் கத்தினேன். ஆறாவது ஜன்னலில் மாமாவின் முகம் தெரிந்தது. அவர் கதவைத் திறக்கும்படி கேட்கவில்லை. எனக்குச் சைகை காட்டவும் இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினொன்று இருபதுக்குத் தலைவரின் கார் வந்தது. "விமானத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன் பாத்தீங்களா?" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இறங்கினார். தினசரி வருகை பதினொன்று இருபத்தைந்து என்று எழுதிவைத்த அட்டையைப் பார்த்து அவருடைய காரியதரிசி நேரம் குறித்திருக்கிறார். பதினொன்று இருபத்தைந்துக்குப் படி வண்டி நகர்ந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: விமானம் சரியான நேரத்துக்கு வந்துசேர்ந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தலைவர் ஆணையில் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். புகைப்படக்காரர் என்னைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

அக்காவின் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. நிறுத்தியிருந்தாள். நாற்பத்தொரு நிமிஷம், ஆறு நொடி.

"பஸ் ஸ்டாண்டைப் பாத்ததும் சந்தோஷமா அமுக்கினா," என்றார் மாமா. "தம்பி சொன்னது கரெக்ட்னு சொன்னா. ரெண்டாவது சுத்து வரைக்கும் தைரியமாத்தான் இருந்தா. நாலாவதுல என் தோள்ல சாஞ்சா. பதினொண்ணு ஆறு."

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அழுதுவிட்டு ரிஜிஸ்தரைத் திறந்திருப்பேன்.

பெண் டாக்டர் இறப்புப் படிவத்தில் நேரம் பதினொன்று ஆறு என்றும், இடம் இந்த ஊருக்கு மேலே, விமானத்தில் என்றும் எழுதினார். பதிவு அலுவலகம் அதை வாரியத்துக்கு அனுப்பியது. வாரியம் திருப்பி அனுப்பியது. அதிகாரபூர்வ அட்டவணைப்படி பதினொன்று ஆறுக்கு விமானம் இந்த ஊருக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் முன்னால் இருந்தது. எனவே மேற்படி இறப்பு எங்கள் ஊரில் நிகழவில்லை. நிகழ்ந்த இடத்தில் பதிந்துகொள்ளவும்.

அந்த இடத்தை வரைபடத்தில் தேடினேன். மலை, காடு. மனுஷர் இல்லை, அலுவலகம் இல்லை. பக்கத்தில் இருக்கிற வனச்சாவடிக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த காவலர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இங்க செத்த மிருகத்துக்குத்தான் ரிஜிஸ்தர் இருக்கு சார்," என்றார். அவர் கேலி செய்யவில்லை.

நேர அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். துக்கம் விசாரித்தார். காபி குடித்தார். பிறகு மெதுவாக வழி சொன்னார்.

"நேரத்தைக் கொஞ்சம் மாத்திக்கலாமே. இறங்கினப்புறம்னு போட்டுட்டா எல்லாம் நேராயிடும். பதினொண்ணு இருபத்தஞ்சு. பத்தொன்பது நிமிஷம்தானே வித்தியாசம்?"

மாமா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பத்தொன்பது நிமிஷம் கூடுதலா உயிரோட இருந்தாள்னு எழுதச் சொல்றீங்க. இருந்திருந்தா நானே எழுதியிருப்பேனே சார்."

நேர அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு வரை சான்றிதழ் இல்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை என் அக்கா இன்னும் வந்துகொண்டிருக்கிறாள். விமானி மீதும் முன்வருகைக் குற்றம், வாரியத்தின் சரித்திரத்தில் இரண்டாவது. அவரும் பெட்டி வண்டி எண்ணுகிறார். இப்போது வேறொருவர் சுற்றுகிறார். மனிதாபிமான ஃபைல் பருமனாகிவிட்டது என்று காகித அறை அம்மா சொன்னார். ஆணையின் நகல் அதில் இருக்கிறதாம், என் புகைப்படமும் இருக்கிறதாம்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று முதல் பஸ் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வந்தது. பன்னிரண்டு நிமிஷத் தாமதம் என்று எழுதினேன். ஓட்டுநர் ஜன்னலுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்து, "என்னண்ணே இது, உண்மையையே எழுதிட்டீங்க?" என்றார். என்னைப் பைத்தியம் பிடித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் நான் செய்துவந்த வேலையின் அழகு அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாற்பத்தொன்றுக்கு விமானம் ஊருக்கு மேலே வந்தது. மேஜையில் ரிஜிஸ்தருக்குப் பக்கத்தில் அக்காவின் ஸ்டாப்வாட்சை வைத்திருந்தேன். மைக்கை எடுத்தேன். பஸ் நிலையம் முழுக்க, கடைத்தெரு வரைக்கும் கேட்கிற மைக் அது.

"பயணிகள் கவனத்துக்கு. விமானம் வந்துவிட்டது. பயண நேரம் நாற்பத்தொரு நிமிஷம்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் ஒரு நொடி அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு என் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். அவருக்கு என் அக்காவைத் தெரியும், அவள் எழுதிய கார்டுகளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்.

மறுநாளும் அறிவித்தேன். அதற்கு மறுநாளும் அறிவித்தேன். பத்தாம் நாள் வாரியத்திலிருந்து என் மேலதிகாரி வழியாக மெமோ வந்தது. இன்னும் வந்துசேராத விமானத்தை வந்துசேர்ந்ததாகப் பொது ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் குழப்பியதற்காக உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? பதில் எழுத ஏழு நாள் அவகாசம்.

ஏழு நாளும் பத்து நாற்பத்தொன்றுக்கு நான் மைக்கில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.